எண்ணிமத் திருப்புதல் (வரலாற்றுப் பாடம்)

எண்ணிமத் திருப்புதல் என்பது, வகுப்பில் ஏற்கனவே கற்பிக்கப்பட்ட பாடத்தைக் கணினி, கைக்கணினி, திறன்பேசி முதலிய கருவிகளின் துணையுடன் மாணவர் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்ளும் செயற்பாடுகளின் பொதுப்பெயர் ஆகும். வினாடி வினா, மின் அட்டை, காலக்கோடு அடுக்குதல், வரைபடத்தில் குறித்தல், பாவனை விளையாட்டு ஆகியன இதன் முதன்மையான வடிவங்கள். நடுநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் கணினியின் பயன்பாடு ஐக்கிய அமெரிக்காவில் 1971 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2018 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு எனப்படும் விரைவுக் குறியீடுகளும் இணையச் செயல்பாடுகளும் இடம்பெற்ற பின்னர் இது பரவலாக அறியப்பட்டது.

திருப்புதலின் பயன் கருவியைப் பொறுத்ததன்று. மாணவர் நூலைப் பாராமல் விடையை நினைவிலிருந்து எடுக்கிறாரா, தவறினால் காரணத்துடன் திருத்தம் பெறுகிறாரா, அதே செய்தியை இடைவெளி விட்டு மீண்டும் சந்திக்கிறாரா என்னும் மூன்றையே அது பொறுத்துள்ளது. வரலாற்றுப் பாடத்திற்கு நான்காவது ஒன்றும் தேவை. வினா ஆண்டையும் பெயரையும் மட்டும் கேளாமல் காரணத்தையும் சான்றையும் கேட்க வேண்டும். இக்கட்டுரை அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் இம்முறை வளர்ந்த விதத்தையும், தமிழ்நாட்டில் அதன் நிலையையும், திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதன் பயனையும் வரம்பையும் விளக்குகிறது.

பெயரும் வரையறையும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தேர்வுக்கு முன் பாடத்தை மறுபடி பார்ப்பதைத் திருப்புதல் என்றும், அதற்கென நடத்தப்படும் தேர்வைத் திருப்புதல் தேர்வு என்றும் வழங்குவர். மீள்பார்வை என்னும் சொல்லும் இதே பொருளில் ஆளப்படுகிறது. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகள் கல்வித்துறை வழக்கில் உயர்தொடக்க நிலை எனப்படும். ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் கொண்ட பள்ளி நடுநிலைப் பள்ளி ஆகும். அமெரிக்காவில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளே தனியொரு நடுநிலைப் பள்ளியாக அமைகின்றன.

பாடத்தை முதன்முறையாகக் கற்பிக்கும் காணொளியும் திருப்புதலும் வெவ்வேறானவை. காணொளியில் மாணவர் பார்வையாளர் ஆகிறார். திருப்புதலில் அவர் விடை கூற வேண்டியவர். பாடக் காணொளியை இரண்டாம் முறை ஓடவிடுவது மட்டும் திருப்புதல் ஆகிவிடாது.

உளவியல் அடிப்படை

செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்கௌசு 1885 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை மறந்துபோகும் வேகத்தை அளந்து காட்டினார். கற்ற சிறிது நேரத்திலேயே மறதி விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரே நாளில் பல முறை படிப்பதைவிடப் பல நாள்களில் பிரித்துப் படிப்பதே பயன் தரும் என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

2006 ஆம் ஆண்டில் என்றி ரோடிகர், செப்ரி கார்ப்பிக் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஓர் உரைநடைப் பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தனர். சிலர் ஒருமுறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே மேலாக நினைவில் வைத்திருந்தனர். தேர்வுக்கு முந்தைய இரவில் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பவருக்கு ஏன் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றுகிறது என்பதை இம்முடிவு விளக்குகிறது.

இக்கருத்து உண்மையான வகுப்பறையிலும் சோதிக்கப்பட்டது. இலினாய் மாநிலத்தின் கொலம்பியா நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் நடத்தப்பட்ட ஆய்வு 2011 ஆம் ஆண்டில் வெளியானது. மாணவர் ஒவ்வொருவரும் கையடக்கப் பொத்தான் கருவி ஒன்றால் சிறு வினாக்களுக்கு விடையளித்தனர்; சரியான விடை உடனே காட்டப்பட்டது. சிறு தேர்வில் இடம்பெற்ற செய்திகளைப் பிந்தைய தேர்வுகளில் அவர்கள் மேலாக நினைவில் கொண்டிருந்தனர்.

பலவுள் தெரிவு வினாக்களில் ஓர் இடரும் உண்டு. பொருத்தமானதுபோல் தோன்றும் தவறான விடையைத் தேர்ந்த மாணவர், திருத்தம் கிடைக்காவிடில் அத்தவற்றையே உண்மையென நினைவில் கொள்ளக்கூடும். எனவே மதிப்பெண்ணை மட்டும் காட்டி விடையைக் காட்டாத செயற்பாடு பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்யலாம்.

அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் வளர்ச்சி

கணினிக்கு முன்னரே தானாகத் திருத்தும் பொறிகள் அமெரிக்காவில் முயலப்பட்டன. 1920களில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெசி பலவுள் தெரிவு வினாக்களைத் திருத்தும் பொறியொன்றை அமைத்தார். 1950களில் பி. எஃப். இசுக்கின்னர் கற்பிக்கும் பொறிகளை முன்வைத்தார். 1960 ஆம் ஆண்டில் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வி அமைப்பு தொடங்கியது.

நடுநிலைப் பள்ளி அமெரிக்க வரலாற்றுக்கென உருவான செயற்பாடுகளில் முன்னோடி ஒரேகான் பாதை என்னும் பாவனை விளையாட்டு ஆகும். மினியாப்பொலிசு நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த டான் ராவிட்சு, எட்டாம் வகுப்பு மாணவருக்கு மேற்கு நோக்கிய குடிப்பெயர்வைக் கற்பிக்க அட்டையில் ஒரு விளையாட்டை வரைந்தார். அவருடன் தங்கியிருந்த பில் ஐன்மன், பால் டில்லன்பர்கர் ஆகியோர் அதனை பேசிக் மொழியில் கணினி நிரலாக எழுதினர். 1971 டிசம்பர் 3 அன்று மாணவர் அதனைத் தொலையச்சுப் பொறி வழியாக முதன்முறையாக விளையாடினர். திரையும் படமும் இல்லை. தாளில் அச்சாகி வந்த சொற்களே விளையாட்டாக இருந்தன. மாட்டுவண்டிக்கு, உணவுக்கு, மருந்துக்கு எவ்வளவு பணம் செலவிடுவது என்பதை மாணவர் குழுவாகப் பேசி முடிவெடுத்தனர். பின்னர் இவ்விளையாட்டு பல பதிப்புகளாக வெளிவந்தது. குடியேறியவரின் கண்ணால் மட்டுமே வரலாற்றைக் காட்டித் தொல்குடியினரை ஓரங்கட்டியது என்னும் விமர்சனத்தையும் அது பெற்றது. 2021 ஆம் ஆண்டில் வெளியான பதிப்பில் தொல்குடியினரைக் காட்டும் முறை திருத்தப்பட்டது.

இணையம் பரவிய பின்னர் தோன்றியவற்றுள் சில வருமாறு:

- குவிசுலெட்: 2005 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ சதர்லாண்டு என்னும் பள்ளி மாணவர் பிரெஞ்சுச் சொற்களைப் படிப்பதற்காக உருவாக்கிய மின் அட்டைத் தளம். 2007 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.
- ஐசிவிக்சு: உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதியரசர் சாண்ட்ரா டே ஓ'கானர் 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய குடிமையியல் விளையாட்டுத் திட்டம்.
- மிசன் யுஎசு: நியூயார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 2010 ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாற்றுப் பாவனை விளையாட்டு வரிசை. இதன் முதல் பகுதியில் மாணவர் 1770 ஆம் ஆண்டின் பாசுடன் நகரில் அச்சகத் தொழில் பழகும் சிறுவனாகி, அரசரின் பக்கமா குடியேற்ற மக்களின் பக்கமா என்பதை முடிவுசெய்ய வேண்டும்.
- கஃகூட்: 2013 ஆம் ஆண்டில் நார்வேயில் வெளியான வகுப்பறை வினாடி வினாத் தளம்.
- குவிசிசு: 2015 ஆம் ஆண்டில் பெங்களூருவில் தொடங்கப்பட்டு அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் பரவிய வினாடி வினாத் தளம். 2025 ஆம் ஆண்டில் இதன் பெயர் வேகிரவுண்டு என மாற்றப்பட்டது.

இத்தனை கருவிகள் இருந்தும் பாட அறிவு உயர்ந்துவிடவில்லை. தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டின்படி, எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றில் 2018 ஆம் ஆண்டு 263 ஆக இருந்த சராசரிப் புள்ளி 2022 ஆம் ஆண்டு 258 ஆகக் குறைந்தது. தேர்ச்சி நிலையையோ அதற்கு மேற்பட்ட நிலையையோ எட்டியவர் 13 விழுக்காட்டினர் மட்டுமே. பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல் இடையே நிகழ்ந்ததாயினும், அதற்கு முன்னரே 2014 முதல் சரிவு தொடங்கியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில்

சமச்சீர்க் கல்வி 2011–12 கல்வியாண்டில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. 2012–13 இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமாயின. ஆண்டு முழுவதற்கும் ஒரே தேர்வு என்பதற்கு மாறாகச் சிறு சிறு மதிப்பீடுகள் வகுப்பறைக்குள் வந்தன.

2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியான புதிய சமூக அறிவியல் பாடநூல்களில் பாடத்தின் இறுதியில் இணையச் செயல்பாடு என்னும் பகுதி இடம்பெற்றது. உரலி, விரைவுக் குறியீடு, படிப்படியான வழிமுறை ஆகியவற்றை அது தரும். பாடத் தலைப்பருகே உள்ள குறியீடுகள், நடுவண் அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்சா தளத்திற்கு இட்டுச்செல்லும் வகையில் அமைக்கப்பட்டன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2023 ஜூலையில் மணற்கேணி என்னும் செயலி வெளியிடப்பட்டது. திருக்குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து பெயர் கொண்ட இச்செயலி, பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்துக் காணொளிகளாகவும் வினாக்களாகவும் தருகிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் முதலில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் பின்னர் நடுநிலைப் பள்ளிகளிலும் அமைக்கப்பட்டன.

பாடநூலின் பயிற்சிப் பகுதியில் உள்ள வினா வகைகளைக் கணினிக்கு மாற்றுவது எளிது. சரியான விடையைத் தேர்வு செய்தல், கோடிட்ட இடம் நிரப்புதல், பொருத்துதல், சரியா தவறா எனக் கூறுதல், பொருந்தாததைக் கண்டறிதல், கூற்றையும் காரணத்தையும் ஆராய்தல் ஆகியவை அவை. இவற்றுள் இறுதியானது வரலாற்றுப் பாடத்திற்குத் தனிச்சிறப்புடையது. கூற்று சரி, காரணம் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்னும் தெரிவை ஆராயும் மாணவர், இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் மட்டும் ஒன்று மற்றொன்றின் விளைவாகிவிடாது என்பதைப் பழகுகிறார்.

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு

எட்டாம் வகுப்பு மாணவருக்கு வரலாற்றுத் திருப்புதல் பொருளாதார மதிப்பும் உடையது. 2008 ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய இத்திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பயிலும், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாத எட்டாம் வகுப்பு மாணவர் தேர்வு எழுதலாம். தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டிற்கான இடங்கள் 6,695. மனத்திறன் தேர்வில் 90 வினாக்களும் படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்களும் கேட்கப்படும். படிப்பறிவுத் தேர்வில் 35 வினாக்கள் சமூக அறிவியலுக்குரியவை. வினாக்கள் யாவும் பலவுள் தெரிவு வகையின என்பதால் எண்ணிமத் திருப்புதல் இத்தேர்வுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் 48,000 ரூபாய், ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையின் படிப்பு இடையில் நிற்காமல் காக்கக்கூடிய தொகையாகும்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகியனவும், திருப்பெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் உள்ள ஒரகடமும் இவ்வழித்தடத்தின் முதன்மையான இடங்கள். மகிழுந்து, சரக்குந்து, மின்னணுப் பொருள், கண்ணாடி, வட்டகை முதலியவற்றின் ஆலைகள் இங்கு நிறைந்துள்ளன. ஆலைகளால் அறியப்படும் இப்பகுதி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான வரலாற்றுப் பாடங்கள் பலவற்றின் நிகழிடமாகவும் உள்ளது. உள்ளூர்ச் செய்தியுடன் இணைத்துக் கேட்கப்படும் வினா நினைவில் தங்குவதோடு, சான்று என்றால் என்ன என்பதையும் மாணவருக்குக் காட்டும்.

பாடத்துடன் இணையும் இடங்கள்

- வடக்குப்பட்டு: ஒரகடத்திற்கு அருகிலுள்ள சிற்றூர். இந்தியத் தொல்லியல் துறை 2022 ஆம் ஆண்டில் இங்கு அகழாய்வு மேற்கொண்டது. கற்கருவிகளும் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆறாம் வகுப்பின் மனிதப் பரிணாமப் பாடத்தையும் சங்க காலப் பாடத்தையும் ஒரே ஊரில் இணைத்துக் கேட்க இது உதவும்.
- மணிமங்கலம்: ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று. இச்செய்தியைக் கூரம் செப்பேடு தருகிறது.
- திருப்பெரும்புதூர்: வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த ஊர். மரபுவழியாக அவர் பிறந்த ஆண்டு 1017 எனக் கொள்ளப்படுகிறது. ஏழாம் வகுப்பின் பக்தி இயக்கப் பாடத்துடன் இது தொடர்புடையது. முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்டதும் இவ்வூரிலேயே.
- புள்ளலூர்: காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள இவ்வூர் ஆங்கிலேயர் எழுத்துகளில் பொள்ளிலூர் எனப்படுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் இங்குப் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று மைசூர்ப் படை கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை முறியடித்ததும் இங்கேயே. எட்டாம் வகுப்பில் மைசூர்ப் போர்கள் பாடமாக உள்ளன.
- தொழிற்சாலைகள்: எட்டாம் வகுப்பில் இந்தியாவில் தொழிலகங்களின் வளர்ச்சி என்னும் பாடம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் உண்டாய் ஆலை 1998 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 ஆம் ஆண்டில் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. மாணவர் தம் பெற்றோரிடமே கேட்டறியக்கூடிய வரலாறு இது.

அமெரிக்க வரலாற்றுடன் தொடர்பு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அமெரிக்க விடுதலைப் போர் ஒன்பதாம் வகுப்பின் புரட்சிகளின் காலம் என்னும் பாடத்தில் வருகிறது. மைசூர்ப் போர்களோ எட்டாம் வகுப்பில் முடிந்துவிடுகின்றன. இரண்டும் ஒரே காலத்தவை, ஒன்றோடொன்று பின்னியவை என்பது இரு பாடங்களையும் தனித்தனியே படிக்கும் மாணவருக்கு எளிதில் புலப்படாது. காலக்கோட்டுச் செயற்பாடு ஒன்றில் கீழ்க்காணும் நிகழ்வுகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் செய்தால் தொடர்பு விளங்கும்:

- 1773 டிசம்பர் 16: பாசுடன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன.
- 1778 பிப்ரவரி: பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களுடன் உடன்படிக்கை செய்து போரில் இணையும் நிலை ஏற்பட்டது.
- 1779 மார்ச்: ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரின் மாகி துறைமுகத்தைக் கைப்பற்றினர். ஐதர் அலிக்குப் போர்த்தளவாடங்கள் வந்த வழி அது.
- 1780 ஜூலை: ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் படையெடுத்தார்.
- 1780 செப்டம்பர்: பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த எக்டர் மன்றோ பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.
- 1781 அக்டோபர்: யார்க்டவுனில் காரன்வாலிசு சரணடைந்தார்.
- 1783 செப்டம்பர்: பாரிசு உடன்படிக்கை ஏற்பட்டது.
- 1784 மார்ச்: மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டது.
- 1792: யார்க்டவுனில் தோற்ற அதே காரன்வாலிசு, தலைமை ஆளுநராகத் திப்பு சுல்தானைச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்கு உட்படச் செய்தார்.

அடுக்கி முடித்த பின் கேட்கப்படும் வினாவே திருப்புதலின் உயிர் ஆகும். மாகி வீழ்ந்தமைக்கும் அமெரிக்கப் போருக்கும் என்ன தொடர்பு என்ற வினாவிற்கு, பிரான்சும் பிரித்தானியாவும் அங்குப் பகைவரானமையால் இங்கும் பகைவராயினர் என்று மாணவர் தம் சொற்களில் எழுத வேண்டும். இத்தொடர்பை அமெரிக்கரும் அறிந்திருந்தனர். பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலியின் பெயரே இடப்பட்டிருந்தது. 1782 ஏப்ரல் 8 அன்று அது டெலவேர் விரிகுடாவில் ஆங்கிலேயரின் செனரல் மங்க் என்னும் கப்பலைக் கைப்பற்றியது. பாசுடனில் பிறந்த எலைகூ யேல் 1687 முதல் 1692 வரை புனித சார்ச்சுக் கோட்டையின் தலைவராக இருந்தவர் என்பதும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரால் அமைந்தது என்பதும் இவ்வகையில் சேர்க்கத்தக்க செய்திகள்.

சான்றை ஆராயும் வினாவிற்கும் பொள்ளிலூர் இடமளிக்கிறது. சீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போரின் ஓவியம் தீட்டப்பட்டுள்ளது. புள்ளலூரிலோ 1781 ஆம் ஆண்டுப் போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. வென்றவர் வரைந்ததையும் மற்றவர் நட்டதையும் இரு படங்களாகத் திரையில் காட்டி, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது எனக் கேட்கலாம்.

செயற்பாட்டு வகைகள்

1. மின் அட்டை: ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் கொண்டது. அட்டையைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டுச் சொல்லவோ எழுதவோ வேண்டும். தவறிய அட்டை விரைவிலும், சரியான அட்டை நாள் தள்ளியும் மீண்டும் வரும்படி அமைப்பது நலம்.
2. வினாடி வினா: வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பங்கேற்கலாம். நேரக் கட்டுப்பாடு மிகுந்தால் ஊகித்து அழுத்தும் பழக்கம் வரும். காரணம் கேட்கும் வினாக்களுக்கு நேர வரம்பைத் தளர்த்த வேண்டும்.
3. காலக்கோடு: ஆண்டை மறைத்து நிகழ்வை மட்டும் கொடுத்து அடுக்கச் செய்தல். எது எதற்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற சிந்தனையை இது தூண்டும்.
4. வரைபடம்: காஞ்சி, வாதாபி, மணிமங்கலம் ஆகியவற்றைக் குறித்துப் படை சென்ற திசையை வரைதல் போன்றவை.
5. சான்று வாசிப்பு: கல்வெட்டு, ஓவியம், நாணயம் ஆகியவற்றின் படத்தைக் கொண்டு வினவுதல்.
6. பாவனை விளையாட்டு: மாணவர் ஒரு பாத்திரமாகி முடிவெடுத்தல். விளையாட்டு முடிந்தபின் நூலுடன் ஒப்பிட்டு உரையாடாவிடில், கற்பனையும் வரலாறும் கலந்துவிடும்.

ஒரே ஒரு திறன்பேசியால் வகுப்பு முழுவதையும் வினவும் முறையும் உண்டு. பிளிக்கர்சு என்னும் செயலிக்குரிய குறியீட்டு அட்டைகளை அச்சிட்டு மாணவருக்குக் கொடுத்தால், அவர்கள் விடைக்கேற்ப அட்டையைச் சுழற்றிப் பிடிப்பர். ஆசிரியரின் திறன்பேசிப் படக்கருவி அவற்றைப் படித்துக்கொள்ளும். மாணவரிடம் கருவி எதுவும் தேவையில்லை.

வரம்புகளும் விமர்சனங்களும்

கருவி கிடைக்காமை: அசர் அமைப்பின் 2021 ஆம் ஆண்டு அளவீட்டின்படி இந்திய ஊரகப் பகுதிகளில் பள்ளி மாணவரின் வீடுகளுள் 67.6 விழுக்காட்டில் திறன்பேசி இருந்தது. அவ்வீடுகளிலும் ஏறத்தாழக் கால்பங்குப் பிள்ளைகளுக்கு அது படிப்பதற்குக் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரே திறன்பேசி உள்ள முறைப்பணித் தொழிலாளர் குடும்பங்களில், வேலைக்குச் செல்பவருடன் திறன்பேசியும் வெளியே சென்றுவிடும். வீட்டுப்பாடமாகத் தரப்படும் எண்ணிமத் திருப்புதல் இப்பிள்ளைகளைத் தண்டிப்பதாகவே முடியும். பள்ளி நேரத்திற்குள் நடத்தப்படுவதோ, தாளிலும் செய்யத்தக்க வடிவம் உடன் தரப்படுவதோ இதற்கு மாற்று ஆகும்.

மொழி: தொழில் வழித்தடங்களில் பிற மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் பயில்கின்றனர். தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். எனினும் இடையில் சேரும் மாணவருக்கு வினாவின் சொற்களே தடையாகலாம். வரலாறு தெரிந்திருந்தும் மதிப்பெண் கிட்டாது. படம், வரைபடம், ஒலி ஆகியவற்றைக் கொண்ட வினாக்கள் இத்தடையைக் குறைக்கும்.

பாடம் சுருங்குதல்: தானாகத் திருத்தக்கூடிய வினாக்களையே கணினி விரும்புவதால் வரலாறு ஆண்டும் பெயருமாகச் சுருங்கிவிடும் என்பது முதன்மையான விமர்சனம். இதற்கு இரு மறுமொழிகள் கூறப்படுகின்றன. செய்திகள் நினைவில் இல்லாமல் காரணங்களை ஆராய இயலாது என்பது ஒன்று. திரையில் ஐந்து வினாக்களுக்கு விடையளித்தபின் ஆறாவதைக் கையால் எழுதச் செய்யலாம் என்பது மற்றொன்று.

போட்டி: தரவரிசைப் பட்டியல் முன்னணி மாணவரை ஊக்குவிக்கும், பின்தங்கியவரை விலகச் செய்யும். பெயர்களைக் காட்டாமல் வகுப்பின் மொத்த விடைகளை மட்டும் காட்டினால், எந்தக் கருத்தை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். மாணவருக்கும் நாணம் நேராது.

தனியுரிமை: பல தளங்கள் மாணவரின் பெயரையும் விடைகளையும் சேமிக்கின்றன. அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டின் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டமும், இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோர் இசைவைக் கோருகின்றன. மாணவரின் முழுப்பெயருக்கு மாற்றாக வரிசை எண்ணைப் பயன்படுத்துவது எளிய பாதுகாப்பு.

இணைப்புகள் அழிதல்: அச்சிட்ட பாடநூலில் உள்ள குறியீடு மாறாது; அது சுட்டும் வலைப்பக்கம் மாறலாம். பாடநூலின் இணையச் செயல்பாட்டை வகுப்பில் பயன்படுத்தும் முன் இணைப்பு இயங்குகிறதா எனச் சோதிப்பது தேவை.

இவற்றையும் பார்க்கவும்

- சமச்சீர்க் கல்வி
- கல்வித் தொலைக்காட்சி
- பொள்ளிலூர் போர்
- மணிமங்கலம்
- அமெரிக்க விடுதலைப் போர்
- திருப்பெரும்புதூர்